கராம்புக்கு ஒரு ஃபேன்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த ஃபேன் மனிதர்கள் யாருக்கும் காற்று வீசவில்லை. அது கராம்புக்கு வீசியது. அந்த நாட்களில் மலைப்பக்கத்து அம்பிட்டியவில் தை மாதக் குளிருக்குப் போர்த்திக்கொள்ளத்தான் ஆட்கள் வழி தேடினார்கள். அதனால், கறுத்த இரும்புச் சட்டத்துக்குள் நான்கு அகன்ற இறக்கைகளோடு அந்த ஃபேன் லொறியிலிருந்து இறங்கியபோது, அப்பாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று எங்கள் வீதியே முடிவு செய்தது. அம்மா அதற்கு ஒரு கிழமை முன்பே அந்த முடிவுக்கு வந்திருந்தார்.

அப்பா ஒரு தோட்டத்து ஸ்டோரில் டிரையர்க்காரர். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். கொழுந்தைக் காயவைக்கும் அந்தப் பெரிய சூட்டு மெஷினின் முன்னால் இருபது வருடத்துக்கு மேல் நின்றவர். என் பள்ளிக்கூடத்துக்காகவும் அம்மாவின் தையல் வேலைக்காகவும் எங்கள் இருவரையும் அம்பிட்டியவில் ஒரு சின்ன வீட்டில் வைத்துவிட்டு, இரண்டு கிழமைக்கு ஒருமுறை சனிக்கிழமை பஸ்ஸில் வருவார், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போவார். எனக்கு எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்தை நான் வெறுத்த அளவுக்குக் கணக்குப் பாடத்தைக்கூட வெறுத்ததில்லை.

எங்கள் பக்கத்தில் தோட்டம் துரவு உள்ள வீடு எல்லாவற்றிலும் இரண்டு மூன்று கராம்பு மரமாவது நிற்கும். மொட்டுப் பறிக்கும் காலத்தில்தான் மழையும் போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். பாயில் பரப்பிய கராம்பை வெயில் கண்டால் வெளியே இழுப்பதும் தூறல் கண்டால் உள்ளே இழுப்பதுமாகப் பெண்கள் நாள் முழுக்க ஓடுவார்கள். அப்படியும் பாதி வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துப் போய்விடும். இதைப் பார்த்துக்கொண்டே வெற்றிலை மென்ற அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. தேயிலையைக் காயவைக்கத் தெரிந்தவனுக்குக் கராம்பைக் காயவைக்கத் தெரியாதா என்ன?

மூன்று மாத லீவு போட்டுவிட்டு வந்தார். வீட்டுக்குப் பின்னால் செங்கல்லில் ஓர் அறை கட்டினார். உள்ளே தட்டுத் தட்டாகப் பலகைச் சட்டங்கள், வெளிச்சுவரோடு ஒரு விறகுச் சூளை. சூளையின் சூட்டைக் குழாய் வழியாக இழுத்து அறைக்குள் தள்ளுவதற்குத்தான் அந்த ஃபேன். ஸ்டோரில் கழித்துப் போட்டதை அங்கே தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா சும்மா கொடுத்திருந்தார்.

"மாசி முடியிற வரைக்கும் பாப்போம்," என்றார் அப்பா அம்மாவிடம். "ஆளுங்க நம்பி கராம்ப குடுத்தாங்கன்னா இங்கேயே இருந்துர்றேன். இல்லாட்டி பேசாம ஸ்டோருக்கே போயிர்றேன்."

இதை அவர் சொன்னபோது நான் அங்கே இல்லை. பட்டம் விட்டுக்கொண்டிருந்தேன். இருந்திருந்தால் கீழே வரும் பல சங்கடங்கள் நடந்தே இருக்காது.

ஃபேனோடு கூடவே டீமேக்கர் ஐயா ஒரு சூட்டுச் சுவிச்சும் கொடுத்துவிட்டிருந்தார். அப்பாவுக்கு ஃபேனைவிட அதன்மேல்தான் உயிர். கைக்கு அடக்கமான ஓர் இரும்புப் பெட்டி. முகப்பில் வட்டமான பித்தளைத் தகடு. தகட்டின் நடுவே ஒரு துளை, துளைக்குள் சின்னக் குமிழ். சூளை எரிந்து குழாய் சூடேறியதும் குமிழ் மெல்ல வெளியே வரும், ஃபேன் தானாக ஓடும். நெருப்புத் தணிந்தால் குமிழ் உள்ளே போகும், ஃபேன் தானாக நிற்கும். நின்றே ஆகவேண்டும். நிற்காவிட்டால் வெளியிலிருக்கும் மழைக் குளிரை எல்லாம் இழுத்து, காய்ந்த கராம்பின்மேல் ஊதிவிடும். அதற்கு வெளியில் பாய் போட்டே காயவைத்திருக்கலாம்.

தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் பூசை வைத்தோம். ஸ்டோரில் வெள்ளிக்கிழமை தவறாமல் மெஷின்களுக்குப் பொட்டு வைப்பார்கள். அந்தப் பழக்கத்தை அப்பா வீட்டுக்கும் கொண்டு வந்திருந்தார். அம்மா சந்தனம் அரைத்தார், அப்பா தேங்காய் உடைத்தார்.

"பொட்டு பாப்பா கையால வைக்கட்டும்," என்றார் அப்பா.

எனக்குக் கால் தரையில் படவில்லை. சூளைக் கதவுக்கு வைத்தேன், ஃபேன் சட்டத்துக்கு வைத்தேன், விறகு தள்ளும் கம்பிக்கும் மண்வெட்டிக்கும் வைத்தேன். கடைசியில் சூட்டுச் சுவிச்சுக்கு வந்தேன். அந்தப் பித்தளைத் தகட்டை நீங்கள் பார்த்திருந்தால் என்மேல் குற்றம் சொல்லமாட்டீர்கள். இரண்டு பக்கமும் இரண்டு ஸ்க்ரூ, கண்கள் மாதிரியே. இரண்டுக்கும் நடுவில் அந்தக் குமிழ். சூளை எரிந்துகொண்டிருந்ததால் அது நன்றாக வெளியே வந்து நின்றது. பொட்டு வைக்க அதைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் எங்கே இருக்கிறது?

ஆனால் தகட்டுச் சூட்டில் பத்து நிமிஷத்தில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. மற்ற எல்லாவற்றுக்கும் பொட்டு இருக்க, அப்பா உயிராக நினைக்கும் சுவிச்சு மட்டும் வெறும் நெற்றியோடு நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. பட்டம் ஒட்டுவதில் எனக்குக் கொஞ்சம் பேர் இருந்தது. குழைந்த சோற்றை நன்றாகப் பிசைந்து ஒட்டினால் எந்தக் காற்றுக்கும் தாள் பிரியாது. மறுநாள் காலை சூளை மூட்டிக் குமிழ் வெளியே வந்து நின்றதும், மிச்சச் சந்தனத்தில் சோற்றுப் பசையைக் கலந்து, குமிழையும் துளையையும் சேர்த்து மூடி அழகாக ஒரு பொட்டு வைத்தேன். அதன்மேல் கொஞ்சம் குங்குமம். கையோடு கண்ணை மூடி ஒரு வேண்டுதலும் வைத்தேன்.

"சாமி, இந்த ஃபேன் நிக்கவே கூடாது."

காரணம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீதி முடக்கிலேயே ஃபேனின் இரைச்சல் கேட்கும். அது கேட்டால் அப்பா வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். எட்டு வயதில் எனக்கு அவ்வளவுதான் தெரியும். ஃபேன் ஓடுகிற வரைக்கும் அப்பா இருப்பார்.

சாமி உடனே கேட்டது. அன்று பின்னேரம் நெருப்பை இழுத்துப் போட்ட பிறகும் ஃபேன் நிற்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்று அப்பா காத்திருந்தார். தேத்தண்ணீர் குடித்தார். குழாயைத் தொட்டுப் பார்த்தார், பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. ஃபேன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"மெயின அணைச்சுட்டு பேசாம வாங்களேன்," என்றார் அம்மா.

"அணைக்கலாம். அப்புறம் சூடு ஏறுறப்ப யாரு போடுறது? தணியிறப்ப யாரு அணைக்கிறது? அப்ப நாந்தான் சுவிச்சு!"

அப்படித்தான் ஆனது. அப்பா சுவிச்சு ஆனார். சூளைக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு, தலைக்குமேல் குடையைக் கட்டி, ஒரு கையைக் குழாயிலும் மறு கையை மெயினிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பாடு அங்கேயே போனது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னேன். இப்படி ஒரு சுகத்தை நான் அதுவரை அனுபவித்ததில்லை.

ஆனால் மனிதன் சுவிச்சு இல்லையே. ஒரு மத்தியானம் சோறு உண்ட மயக்கத்தில் அப்பா கண் அசந்துவிட்டார். மழை கொட்டியது, ஃபேன் ஓடியது, தட்டுகளில் இருந்த கராம்பு எல்லாம் ஈரம் குடித்து ஊறிவிட்டது. அது பக்கத்து வீட்டில் இருந்த, எல்லோரும் மரியாதையாகச் 'சேர்' என்று கூப்பிடும் பெரியவரின் கராம்பு. எங்களை நம்பி முதன்முதலாகக் கொடுத்தவர் அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், கச்சேரி என்கிற அரசாங்கக் காரியாலயத்தில் பெரிய உத்தியோகம், விஞ்ஞானத்தில் அசையாத நம்பிக்கை உள்ளவர். அப்பா தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"கராம்பு போனால் போகட்டும்," என்றார் சேர். "ஆனால் காரணம் தெரியவேணும். காரணம் இல்லாமல் ஒரு சாமானும் ஓடாது, கண்டீரோ."

அன்றிலிருந்து எங்கள் வீடு கலகலவென்று ஆகிவிட்டது.

முதலில் கடுகண்ணாவையிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி, பஸ் திருத்தும் இடத்தில் வேலை. உலகத்தில் உள்ள எல்லாக் கோளாறுக்கும் மோட்டார்தான் காரணம் என்பது அவர் கட்சி. "அத்தான், நீங்க தள்ளி நில்லுங்க," என்று சொல்லிவிட்டு ஃபேனைக் கழற்றி, நூறு துண்டாகப் பிரித்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, மறுபடி பூட்டினார். பூட்டி முடித்த பிறகு இரண்டு துண்டு மிஞ்சியது. அவற்றை யாரும் பார்க்காமல் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். ஃபேன் முன்னைவிட வேகமாக ஓடியது, ஆனால் மறுபக்கமாக. சூளைக்குள் இருந்த சாம்பல் முழுவதும் கதவு வழியாக வந்து மாமாவின் முகத்தில் அப்பி, மிச்சம் அம்மா காயப்போட்டிருந்த வெள்ளைச் சேலைக்குப் போய்ச் சேர்ந்தது. அம்மா அகப்பையோடு வெளியே வந்தவர், தம்பியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். மாமாவின் பல் மட்டும் தெரிந்தது.

அடுத்து சேர் என் கொப்பியை வாங்கி, பின் பக்கத்தில் படம் கீறினார். அம்புக்குறிகள் போட்டார். "ஓம், சரிதான். தத்துவப்படி இது இப்ப நிக்கவேணும்," என்றார். எல்லோரும் ஃபேனைப் பார்த்தோம். அதற்குத் தத்துவம் தெரியவில்லை. ஈரச் சாக்கைக் குழாயில் சுற்றச் சொன்னார், சுற்றினோம். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார், ஊற்றினோம். குழாய் குளிர்ந்தது, எங்களுக்குத் தும்மலும் தடிமனும் வந்தது, ஃபேன் ஓடியது.

மூன்றாவதாகக் குண்டசாலையிலிருந்து மின்சார வேலை செய்யும் சிங்கள மேஸ்திரி ஒருவர் வந்தார், பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். மாமா மாற்றிப் பூட்டியிருந்த வயரைச் சரியாக்கி ஃபேனை நேர்ப்பக்கம் ஓடவைத்தார். மற்ற வயர் ஒவ்வொன்றையும் தொட்டுச் சோதித்துவிட்டு, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு சூட்டுச் சுவிச்சின் பக்கம் போனார். தகட்டில் இருந்த பொட்டைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"சாமி பொட்டு," என்றார் அப்பாவிடம் தமிழில். "நான் அது தொட மாட்டேன். பின்னாலே பார்க்கிறேன்."

பின்னாலே பார்த்தார். பின்னாலே ஒரு குறையும் இல்லை. இதைத்தான் இன்று வரை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். மாமா அந்தப் பெட்டியைத் துடைக்கும்போதெல்லாம் பொட்டைச் சுற்றித்தான் துடைத்தார். சேர் பென்சில் நுனியால் தகட்டின் ஓரத்தை மட்டும் தட்டிப் பார்த்தார். அப்பா தினமும் காலையில் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாலு பேர் சேர்ந்து அந்த மெஷினில் கழற்றாத இடம் இல்லை, என் பொட்டு இருந்த இடத்தைத் தவிர.

நான் சந்தோஷத்தின் உச்சியில் இருந்தேன். நாள் தவறாமல் விருந்தாள், வடை, சிரிப்பு. அப்பா எப்போதும் வீட்டில். இது எல்லாம் என் வேண்டுதலின் பலன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாசி பிறந்த பிறகு ஒருநாள் பின்னேரம் அடுப்படிக்குள் போனேன். அம்மா அப்பாவின் சட்டைகளை மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

"இன்னும் ஒரு கெழம பாக்கலாமேங்க," என்றார் அம்மா. அவர் குரல் எனக்குத் தெரிந்த குரலாக இல்லை.

"என்னத்த பாக்குறது? அது நின்னாத்தான நான் இங்க நிக்க முடியும்? சேருக்குப் பொறகு ஒருத்தர்கூட கராம்பு தரல்ல. சனிக்கிழம எல்லாத்தையும் கழட்டிட்டு, ஞாயித்துக்கிழம பஸ்ஸுக்குப் போறேன்."

ஃபேன் ஓடினால் அப்பா இருப்பார் என்று நான் வேண்டியிருக்க, ஃபேன் நின்றால்தான் அப்பா இருப்பாராம். சாமியிடம் தலைகீழாகக் கேட்டுத் தொலைத்திருக்கிறேன். அடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் வழியும் தெரிந்தது. கேட்டதை மாற்றிக் கேட்க வேண்டியதுதானே! பழைய வேண்டுதல் பெரியதென்றால் புதிய வேண்டுதல் அதைவிடப் பெரியதாக இருக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை அம்மா அரைத்து வைத்த சந்தனத்தில் பாதியை வழித்தெடுத்தேன். சோறு ஒரு பிடி. பழைய பொட்டின்மேலேயே இரண்டாவது பொட்டை வைத்தேன், ஒரு ரூபாய்க் குற்றியைவிடப் பெரிதாக. மஞ்சள் தகட்டில் மஞ்சள் மேடு. "சாமி, நான் முந்திக் கேட்டது பிழை. தயவுசெய்து ஃபேன நிப்பாட்டுங்க," என்று மூன்று தரம் சொன்னேன். சாமி இந்த முறை காது கொடுக்கவில்லை. சூட்டில் என் பொட்டு காரை பூசியதுபோல இறுகியது.

சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. கழற்றுவதற்கு உதவி செய்ய மாமாவும் பாஸும் வந்திருந்தார்கள். சேர் குடையைப் பிடித்துக்கொண்டு சூளைக் கதவருகே நின்றார். காரணம் தெரியாமல் ஒரு சாமான் தன் கண்ணெதிரே தோற்றுப்போவதில் அவருக்கு மெய்யான துக்கம். சூளையில் நெருப்பு இல்லை. அப்பா கடைசியாக ஒரு தரம் மெயினைப் போட்டுப் பார்த்திருந்தார், ஃபேன் மட்டும் யாருக்கு வந்த விருந்தோ என்று இரைந்துகொண்டிருந்தது. அம்மா உள்ளே தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார், வெளியே வரவில்லை. நான் ஸ்க்ரூ ஆணி போடும் தகரப் பேணியைப் பிடித்துக்கொண்டு அப்பாவை ஒட்டி நின்றேன்.

முதலில் சூட்டுச் சுவிச்சைக் கழற்றி டீமேக்கர் ஐயாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். ஆனால் பொட்டு வைத்த சாமானை அப்படியே பிடுங்கி எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. மெயினை அணைப்பதற்கு முன்பே அதன் எதிரே போய் நின்று, கையெடுத்துக் கும்பிட்டார். அவர் உதடு அசைந்தது. பிறகு தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துப் பொட்டை மெதுவாகத் துடைத்தார். அது அசையவில்லை. கொஞ்சம் அழுத்தித் துடைத்தார். காரைத் துண்டு மாதிரி ஒன்று பெயர்ந்து துண்டோடு வந்தது.

டக்.

ஃபேன் நின்றது.

ஒரு மாதமாகக் கேட்ட இரைச்சல் இல்லாமல் போனதும் காது அடைத்ததுபோல் இருந்தது. பிறகுதான் தகரக் கூரையில் மழை பெய்வது கேட்டது. தையல் மெஷின் நின்றது. அம்மா ஊசியும் நூலுமாக ஓடி வந்தார். "என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டார்.

"என்ன செஞ்சீங்க அத்தான்?" மாமா பின்னாலிருந்து கத்தினார்.

அப்பா எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கையில் இருந்த துண்டை விரித்துப் பார்த்தார். மஞ்சளும் சிவப்புமாக ஒரு கட்டி. அதில் இரண்டு சோற்றுப் பருக்கை முழுசாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். கட்டியின் மேல் என் சுட்டு விரல் தடம் அப்படியே பதிந்திருந்தது. பிறகு குனிந்து, பேணியைப் பிடித்திருந்த என்னைப் பார்த்தார். அவருடைய மீசை ஒருமாதிரித் துடித்தது.

துண்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினார்.

"துரு," என்றார். "குமிழ்ல துரு புடிச்சு இறுகியிருந்திருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

"கறளோ!" என்று சேர் குடையைக் கீழே போட்டுவிட்டார். "நான் முதலே யோசிச்சனான். இந்த ஈரத்துக்குக் கறள் பிடிக்காமல் என்ன செய்யும்?"

அவர் அதை யோசித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மோட்டாருக்குத் தான் போட்ட எண்ணெய்தான் மெல்ல மெல்ல ஊறிப் போய்த் துருவை இளக்கிவிட்டது என்று மாமா சொன்னார். பாஸ் வெறும் தகட்டைக் கும்பிட்டார்.

அப்போதே சூளையை மூட்டினார்கள். குழாய் சூடேறியது, குமிழ் தலையை நீட்டியது, ஃபேன் ஓடியது. நெருப்பை இழுத்தார்கள். குமிழ் உள்ளே போனது, ஃபேன் நின்றது. எல்லோரும் கைதட்டினோம். நம்பிக்கை வராமல் இன்னொரு தரம் செய்தார்கள், பிறகு ஆசைக்கு இன்னொரு தரம் செய்தார்கள். மூன்றாவது தரம் நின்றபோது சேர் மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடினார். மிச்சமிருந்த கராம்பைக் கூடையோடு தலையில் வைத்துக்கொண்டு வந்தார். கச்சேரி உத்தியோகத்தர் ஒருவர் தலையில் கூடையோடு வருவதை வீதியே பார்த்தது. ஒரு கிழமைக்குள் எங்கள் முற்றத்தில் கராம்புக் கூடைகள் வரிசையாக நின்றன. ஞாயிற்றுக்கிழமை பஸ் அப்பா இல்லாமல் போனது. அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பஸ்கள் அப்படியே போயின.

அந்தச் சனிக்கிழமை அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து சட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றாக உதறி, மறுபடி அலுமாரிக்குள் அடுக்கினார். அடுக்கும்போது மெதுவாக ஏதோ பாடினார். அம்மாவுக்குப் பாட வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கிணற்றடியில் அப்பா துண்டைத் துவைக்கும்போது நானும் பக்கத்தில் நின்றேன். வெகுநேரம் துவைத்தார்.

"பாப்பா," என்றார் தலையை நிமிர்த்தாமல். "இனிமே அந்த சுவிச்சுக்கு மட்டும் பொட்டு வைக்காத. அது வெள்ளக்காரன் செஞ்சது, வேதக்கார சுவிச்சு, மாதாகோயில்காரங்க பொட்டு வைக்கமாட்டாங்கல்ல. சூளக் கதவுக்கு எவ்வளவு வேணும்னாலும் வை."

சரி என்றேன். அது நியாயமாகத்தான் பட்டது. என் இரண்டாவது வேண்டுதல் பலிக்க ஒரு நாள் தாமதமானதற்கும் அதுவே காரணமாக இருக்கவேண்டும்.

ஆனால் என் மனதில் வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. இருபது வருடம் மெஷினோடு நின்ற மனுஷர், கையில் வைத்து மோந்தும் பார்த்துவிட்டு, சந்தனத்தைத் துரு என்று சொல்லிவிட்டாரே! அப்பாவுக்கு இவ்வளவுகூடத் தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. மாமாவுக்கும் சேருக்கும் தெரிந்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதனால் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்பாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் அன்று இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டேன்.